புதியவர் பிரிவில் யார் நிற்கலாம்?

சென்ற ஓகஸ்ட் மாதம் எங்கள் வீடியோ விளையாட்டுக் கூடத்தில் நடந்த போட்டியில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் முதலாவது ஆட்டம் இரண்டரை நிமிடத்தில் முடிந்தது. மொறட்டுவையிலிருந்து தகப்பனோடு 101ஆம் இலக்க பஸ்ஸில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே இருவரும் மாடிப்படியில் காத்திருந்தார்கள். கதவைத் திறந்தவன் நான்தான். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த தாளை நீவி மேசையில் வைத்துவிட்டு, தன் பெயரைத் தானே எழுதினான். புதியவர் பிரிவு என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டான்.

பதினொரு மணிக்கு அவன் முறை வந்தது. எதிரில் இருபத்து நான்கு வயது இளைஞர். கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 97 என்ற சண்டை விளையாட்டில் ஆளுக்கு மூன்று பாத்திரங்களைத் தெரிவு செய்து, ஒருவர் வீழ்ந்ததும் அடுத்தவரை இறக்கி ஆட வேண்டும். அந்த இளைஞர் முதலில் இறக்கிய இயோரி யாகாமி என்ற பாத்திரத்துக்குப் பதில் வேறொருவரை இறக்கும் தேவையே வரவில்லை. சிறுவனின் மூவரையும் அந்த ஒரே இயோரி வரிசையாக வீழ்த்தினான். சிறுவன் எழுந்தான். இயந்திரத்தின் கைப்பிடியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தகப்பனிடம் போனான். அழவில்லை. "முடிந்துவிட்டதா?" என்று தகப்பன் கேட்டார். அவர் முழு ஆட்டத்தையும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் கேட்டார்.

அவன் பெயரின் மேல் கோடு போட்டது என் கை. அன்றிரவு தொடங்கி இன்றுவரை அந்தக் கோடு மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வருடப் போட்டிக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

நான் பழுது பார்ப்பவன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் என் கடை. தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, மின்விசிறி என எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். அதே தெருவில் ஒரு மாடியில், நாங்கள் 'நானா' என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் விளையாட்டுக் கூடம் நடத்துகிறார். ஏழு இயந்திரங்கள். பதினெட்டு வருடங்களாக அவற்றின் வயிற்றுக்குள் கை விடுபவன் நான் ஒருவன்தான். கடலுக்கு இவ்வளவு கிட்ட இயந்திரம் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்பதை வெள்ளவத்தைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்று குளிர்சாதனப் பெட்டியையே தின்றுவிடும். இந்த இயந்திரங்களில் ஆட்டப் பலகையையும் பெட்டியையும் இணைக்கும் ஜம்மா இணைப்பியில் 56 முனைகள் இருக்கின்றன. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 1985இல் வகுத்த தரம் அது. அந்த முனைகளில் ஒன்றில் பச்சை படிந்தாலே போதும், ஒரு பக்கம் ஆடுபவரின் உதை வேலை செய்யாமல் போகலாம். மாதம் ஒருமுறை பலகையைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் முனைகளைத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துத் திரும்பவும் பொருத்துகிறேன். பொத்தான்களுக்கும் கைப்பிடிக்கும் தேவையான மைக்ரோ சுவிட்சுகளைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குகிறேன்.

போட்டி ஆறு வருடங்களுக்கு முன் தொடங்கியது. முதல் இரண்டு வருடமும் ஒரே பிரிவு. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில். இரண்டு முறையும் அரையிறுதியில் நின்ற நால்வரும் அதே நால்வர். இரண்டாம் வருடம் முடிந்த பிறகு சிறுவர்கள் வருவதே குறைந்தது. தோற்பதற்காக யாரும் பதிவுக் கட்டணம் கட்ட மாட்டார்கள் என்று நானா சொன்னார். அப்போதுதான் புதியவர் பிரிவு என்ற ஒன்றை ஏற்படுத்தினோம்; மற்றவர்களுக்குத் திறந்த பிரிவு. புதியவர் பிரிவுக்கு விதி ஒரே வரி: இதற்கு முன் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாதவர். எழுதியவன் நான். அந்த வரி போதும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்த இளைஞரும் அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் பதிவு செய்தார். "அண்ணா, நான் இதுவரை ஒரு போட்டிக்கும் போனதில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் கணினியில் ஏழு வருடங்களாக இதே விளையாட்டை இணையவழி ஆடுகிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஃபைட்கேட் என்ற சேவையில் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை ஆடலாம். 97ஆம் ஆண்டுப் பதிப்பு சீனாவில் எவ்வளவு ஆழமாக ஆடப்படுகிறது என்பது இந்த விளையாட்டைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கைகளோடு இரவிரவாக மோதிப் பழகியவர், எங்கள் தாளில் புதியவர்.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். என் முழு வாதமும் இதில்தான் இருக்கிறது.

ஆட்டங்கள் தொடங்குமுன் எல்லோரும் கொஞ்ச நேரம் கை பழகிக்கொள்ள விடுவோம். அந்த இளைஞர் ஒன்பதரை மணிக்கு இரண்டாம் இயந்திரத்தில் உட்கார்ந்தார். கை தடுமாறியது. வீட்டில் கையில் பிடித்துப் பெருவிரலால் அழுத்தும் கேம்பேடில் ஆடுபவருக்கு, ஸ்பிரிங் வைத்த கைப்பிடி முதலில் பிடிபடாது. இந்த விளையாட்டில் குட்டித் தாவல் என்று ஒன்று உண்டு; 1996 பதிப்பில் வந்தது. கைப்பிடியை மேலே தட்டிவிட்டு உடனே விட்டுவிட்டால் பாத்திரம் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் எழும்பி முன்னால் இறங்கும். ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தால் அது முழுத் தாவலாகி, தலைக்கு மேலே போய், எதிராளி கீழே நின்று அடிக்க வசதியாகிவிடும். அவருக்குத் திரும்பத் திரும்ப முழுத் தாவலே வந்தது. பக்கத்தில் நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். நான் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தேன், சரி, புதியவர்தான் என்று நினைத்தேன்.

நான் பார்த்தது தாவலின் உயரத்தை. பார்த்திருக்க வேண்டியது, எந்த இடத்திலிருந்து தாவினார் என்பதை. ஒவ்வொரு முறையும் எதிராளியின் குறைந்த தூர உதை எட்டாத இடத்துக்கு ஒரு பாதம் வெளியே நின்று, எதிராளி ஒரு பொத்தானை வீணாக அழுத்தி முடித்த அந்தக் கணத்தில்தான் எழும்பினார். கை பிழைத்தது, கண் ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. புதிதாக ஆடுபவர்கள் எங்கிருந்தும் தாவுவார்கள். திரையின் கோடியிலிருந்து, காரணமே இல்லாமல், ஏதாவது நடக்கட்டும் என்று தாவுவார்கள். பொத்தான்களில் ஐந்து விரலும் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். இவருடைய வலது கை பாதி நேரம் சும்மா இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்ற நான்கு பொத்தான்களின் மேலும் விரல்கள் தொட்டும் தொடாமலும் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பு ஒரு நாளில் வருவதில்லை. கைப்பிடி ஒரு காலையில் பழகிவிடும். பதினொரு மணிக்கு அவருடைய குட்டித் தாவல் தாழ்வாக, சுத்தமாக வந்துகொண்டிருந்தது. எதிரில் மொறட்டுவைச் சிறுவன்.

புதியவர் பிரிவின் முதற்பரிசு பத்தாயிரம் ரூபாய். இளைஞர் வாங்கிக்கொண்டு போனார். கைகுலுக்கி வாழ்த்தினேன். அன்று பதிவு செய்த பதினாறு பேரில் எட்டுப் பேர் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம், வல்லவன் வெல்லட்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், நானும் மதிப்பவர்கள். அவர்களோடு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் இன்னொருவரைப் பத்து ஆட்டத்தில் ஆறு முறை வெல்லக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்று ஆடினால், அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 65ஐ நெருங்கும். தோற்பவருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் இருக்கிறது. அது போட்டி. இப்போது பத்தில் ஒன்பது முறை வெல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மூன்றில் இரண்டு முறையில் அவருடைய வாய்ப்பு நூற்றுக்கு 97. எதிரில் இருப்பவருக்கு மீதமிருப்பது மூன்று. ஆட்டத்தை ஐந்தாக, ஏழாகக் கூட்டினால் வல்லவருக்குத்தான் இன்னும் சாதகம்; இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. ஆகவே, ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டி இந்த அநீதியைச் சரிசெய்ய முடியாது. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்ற இடத்திலேதான் சரிசெய்ய வேண்டும்.

சதுரங்கக்காரர்கள் இதை எப்போதோ விளங்கிக்கொண்டார்கள். ஆர்பாட் எலோ என்ற பௌதிகவியல் பேராசிரியர் வகுத்த புள்ளி முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் இருவருக்கு இடையே 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலமானவர் பதினொன்றில் பத்துப் புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஏறத்தாழ நான் சொன்ன பத்தில் ஒன்பது. புள்ளி ஒவ்வொரு ஆட்டத்தோடும் ஏறி இறங்கும். பெயரையோ, பாடசாலையையோ, வயதையோ அது கேட்காது. விளையாட்டுக் கூடங்களில் அப்படி ஒரு பதிவு நம்மிடம் இல்லை. அதனால் கையில் அகப்பட்ட ஏதோ ஒரு அளவுகோலைத் தூக்கிக்கொள்கிறோம். முன்பு போட்டிக்குப் போனாரா? எத்தனை வயது? இரண்டும் என்னைக் கைவிட்டன.

வயதின் கதை அதே நாளில் நடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள், அண்ணனோடு. திறந்த பிரிவில் பெயர் எழுதக் கேட்டாள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் திறந்த பிரிவில் ஆட முடியாது என்று பரிசுப் பணம் கொடுத்த நிறுவனம் நிபந்தனை போட்டிருந்தது. பிள்ளைகள் பெரியவர்களிடம் தோற்று மனம் உடையக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நல்ல எண்ணம்தான், யார் பெயரையும் சொல்லிக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வழக்கமாகச் சனிக்கிழமைகளில் வந்து, எங்கள் திறந்த பிரிவின் போன வருட வெற்றியாளரோடு சரிக்குச் சரி நின்று ஆடுகிறவள். அவளைப் புதியவர் பிரிவில் போடு என்றார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், அங்கே நான் யாரோடு ஆடுவது?" என்று கேட்டாள். புதியவர் பிரிவில் ஆடவில்லை. சுவரில் சாய்ந்து நின்று மாலைவரை பார்த்துவிட்டுப் போனாள்.

கிரிக்கெட்டில் பதின்மூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. கொழும்பில் வளர்ந்த எவருக்கும் அது பழக்கம். அங்கே அதற்கு நியாயம் உண்டு. பதின்மூன்று வயதுத் தோள் எறியும் பந்தும் பத்தொன்பது வயதுத் தோள் எறியும் பந்தும் ஒன்றல்ல, எலும்பு முறியும். கைப்பிடிக்கு என்ன வயது வேண்டும்? நான் பொருத்தும் பொத்தானை ஐந்து வயதுப் பிள்ளையின் விரலும் அழுத்தும். சீனாவின் சியாவ்ஹாய் 2014இல், சண்டை விளையாட்டுகளுக்கான பெரிய சர்வதேசப் போட்டியான ஈவோவில் கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 13ஐ வென்றார். அந்தப் பட்டப்பெயருக்குச் சிறுபிள்ளை என்றுதான் பொருள். மறுபக்கம் பாருங்கள்: ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்கான தங்கப் பதக்கத்தை வென்ற கொரியர் கிம் க்வான் வூவுக்கு அப்போது வயது 44. என்னைவிட ஒரு வயது மூத்தவர். அந்தச் செய்தியை வாசித்த அன்று கடையை அரை மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு மாடிக்குப் போய் ஆடினேன். பிள்ளைகளைக் காப்பதற்காகப் போட்ட வேலி அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையை வெளியே தள்ளியது. மொறட்டுவைச் சிறுவனுக்கோ அது ஒரு பாதுகாப்பும் தரவில்லை.

போட்டி அனுபவம் என்ற அளவுகோலை உடைக்க ஒரே ஒரு பெயர் போதும். லாகூரின் அர்ஸ்லான் ஆஷ். 2019 பெப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ போட்டிக்கு அவர் போனபோது டெக்கன் என்ற சண்டை விளையாட்டின் உலகத்தில் பெரும்பாலோருக்கு அவரை யாரென்று தெரியாது. பிலிப்பைன்ஸின் ஏகே என்ற ஆட்டக்காரரை இறுதியில் வென்று பட்டம் எடுத்தார். அதே வருடம் ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் கொரியாவின் 'நீ' (Knee) என்ற ஆட்டக்காரரை வென்று அந்த ஈவோவையும் எடுத்தார். அவர் வளர்ந்தது லாகூரின் விளையாட்டுக் கூடங்களில். நம்முடையதைப் போன்ற, மின்விசிறி சத்தம் போடும், டோக்கன் சில்லறை குலுங்கும் கூடங்களில். பெருமையாக இருந்தது, நம் பக்கத்து மனிதர் என்று. ஆனால் போட்டி நடத்துபவனாக அதில் எனக்கு வேறொரு பாடமும் இருந்திருக்க வேண்டும். என்னுடைய ஒரு வரி விதியின்படி, உலகம் அறியாத நாட்களில் அர்ஸ்லான் வெள்ளவத்தைக்கு வந்திருந்தால், போட்டிப் பட்டியல் ஒன்றைக் காட்டி அவரைத் திறந்த பிரிவுக்கு அனுப்ப எனக்கு என்ன ஆதாரம் இருந்திருக்கும்? வெளிநாட்டுக் காசு, விசா, விமான டிக்கெட் எல்லாம் அமைந்தவனுக்குத்தான் போட்டிப் பட்டியல் நீளும். நம் நாடுகளில் திறமை பட்டியலுக்கு முன்பே முற்றிவிடுகிறது.

இன்னொரு விஷயம் எனக்கு நெடுநாளாக விளங்காமல் இருக்கிறது. ஆட்டப் பாத்திரங்களுக்குத் தகுதி பார்ப்பதில் நாம் எவ்வளவு கறாராக இருக்கிறோம்! 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அக்குமா என்ற பாத்திரத்தை, அளவுக்கு மீறிய பலம் என்று பெரும்பாலான போட்டிகளில் தடை செய்தார்கள். எங்கள் கூடத்திலும் 97இல் ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்தபடி ஒரு வரிசை அசைவு கொடுத்தால் வரும் வெறிபிடித்த இயோரிக்கும் லியோனாவுக்கும் முதல் வருடத்திலிருந்தே தடை. ஒருவரும் முணுமுணுத்தது இல்லை. பாத்திரம் சமமில்லை என்றால் உடனே ஒத்துக்கொள்கிறோம். அதை ஆட்டும் கைகள் சமமில்லாதபோது மட்டும், பதிவுத் தாளில் எழுதியிருக்கிறது, விதிப்படி சரி என்று ஒதுங்கிவிடுகிறோம். சென்ற வருடம் ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒக்டோபரில் ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையில் மொறட்டுவைச் சிறுவனின் தகப்பனைக் கண்டேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு. மகன் எப்படி என்று கேட்டேன். "இப்போது பந்து விளையாடப் போகிறான்" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "பழகுகிற பிள்ளைகளுக்கான போட்டி என்றுதானே ஐயா தாளில் போட்டிருந்தீர்கள்?" என்றார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பஸ் டிக்கெட், பதிவுக் கட்டணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவும் கொடுத்து அவர் வாங்கியது இரண்டரை நிமிடம்.

கார்த்திகையிலிருந்து நானாவும் நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும், அவர் கடைசித் தொழுகை முடித்து வந்த பிறகு, தேநீரோடு உட்கார்ந்து இதைப் பேசியிருக்கிறோம். சில முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். பரிசுப் பணத்தை இந்த முறை கூடமே போடுகிறது, வெளியாரின் நிபந்தனை எதுவும் இல்லை. புதியவர் பிரிவின் பரிசைப் பத்தாயிரத்திலிருந்து இரண்டாயிரமாகக் குறைத்து, மீதியைத் திறந்த பிரிவில் சேர்த்துவிட்டோம். இந்த ஒன்றே பாதிப் பேரைச் சரியான பக்கம் அனுப்பிவிடும் என்று நானா சொல்கிறார். வியாபாரம் தெரிந்த மனிதர், அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும். திறந்த பிரிவுக்கு வயது எல்லை கிடையாது. கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பெயர்தான் அதில் முதல் பெயர். அவள் அண்ணன் போனில் சொன்னதும் நானே எழுதிவிட்டேன். புதியவர் பிரிவை வென்றவர் அடுத்த முறை அங்கே திரும்ப முடியாது. தோற்றவுடன் வெளியே என்ற முறையையும் எடுத்துவிட்டோம். நான்கு நான்கு பேராகக் குழு பிரித்து, ஒவ்வொருவரும் குழுவில் மற்ற மூவரோடும் ஆடுவார்கள். பதினாறு பேருக்கு முதற்சுற்றிலேயே 24 ஆட்டங்கள் வருகின்றன. முன்பு முழுப் பிரிவும் 15 ஆட்டங்களில் முடிந்துவிடும். நேரம் இழுக்கும். காலை எட்டுக்குத் தொடங்கினால் மத்தியானச் சோற்றுக்குள் முதற்சுற்று முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தூரத்திலிருந்து வரும் பிள்ளை மூன்று ஆட்டமாவது ஆடாமல் பஸ் ஏறக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தகுதிகாண் சனிக்கிழமை. போட்டிக்கு முதல் வாரம், புதியவர் பிரிவைக் கேட்டவர்கள் எல்லோரும் வந்து, கூடத்தின் பழைய ஆட்டக்காரர் ஒருவரோடு ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். கட்டணம் கிடையாது, டோக்கன் நாங்கள் தருகிறோம். வெற்றி தோல்வியை யாரும் குறிப்பதில்லை. நானாவும் நானும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் அண்ணனும் பின்னால் நின்று பார்ப்போம். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எதிராளி எட்டாத தூரத்தில் நிற்கத் தெரிகிறதா? எழும்பி வரும் எதிராளியின் மேல் எப்போது கை ஓங்குகிறார்? அடி வாங்கிய பின் பதறி அழுத்துகிறாரா, பொறுத்து நிற்கிறாரா? கை எத்தனை முறை சும்மா இருக்கிறது? குட்டித் தாவல் வருகிறதா என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

அதற்கு முன் என் பங்கு வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாம் இயந்திரத்தின் இடப்பக்க மஞ்சள் பொத்தான் உள்ளே போய்ச் சற்றுத் தாமதித்தே மேலே வரும் என்பது கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதனால் நாணயம் சுண்டும்போதே வலப்பக்கம் கேட்பார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது தெரியாது. ஆட்டத்தின் நடுவில்தான் தெரிய வரும். திரை நொடிக்கு ஏறத்தாழ அறுபது தடவை மாறுகிற விளையாட்டு இது. பொத்தான் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஒட்டினாலும் ஆறு படம் போய்விடும்; ஒரு அடியைத் தடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடையே அதைவிடக் குறைவான நேரமே இருக்கிறது. பழுதைத் தெரிந்தவருக்கு ஒரு இயந்திரம், தெரியாதவருக்கு இன்னொரு இயந்திரம் என்று இருந்தால், பிரிவு பிரித்து என்ன பயன்? இந்த முறை போட்டி இயந்திரங்கள் மூன்றிலும் எல்லாப் பொத்தான்களின் சுவிட்சுகளையும், கைப்பிடிகளில் நான்கு நான்கையும் மாற்றுகிறேன். பொத்தானை அழுத்தும்போது எழும் 'டிக்' சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும்வரை மூடியை மூடுவதில்லை.

இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. தகுதிகாண் நாளில் ஒருவர் வேண்டுமென்றே மோசமாக ஆடினால்? கையைத் தடுமாறச் செய்வது எளிது. கண்ணையும் பொறுமையையும் ஐந்து ஆட்டம் முழுக்க ஒளித்து வைப்பது கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. அப்படி ஒருவர் புதியவர் பிரிவுக்குள் வந்து, குழு ஆட்டங்களில் உண்மையான கையைக் காட்டினால், அந்த இடத்திலேயே அவரைத் திறந்த பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது என் நிலை. அவரிடம் அதுவரை தோற்றவர்களின் தோல்வியையும் அழித்துவிட வேண்டும். நானா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, ஒரு மனிதன் காலையில் மோசமாக ஆடி மாலையில் நன்றாக ஆடினால் அவன் ஏமாற்றினான் என்று எப்படிச் சொல்வீர்கள்? அன்றைக்கு அவனுக்கு நல்ல நாளாக இருக்கலாம். பிள்ளைகளின் முன்னால் ஒருவனைக் கள்ளன் என்று எழுப்பிவிட்டால், பிறகு அவனுக்கு யார் நியாயம் செய்வது?" என்கிறார். அவர் சொல்வதில் கனம் இருக்கிறது. சென்ற வருடத்து இளைஞரும் ஒளித்து ஆடவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அவர் இந்த வருடம் திறந்த பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். தகுதிகாண் நாளில் புதியவர்களோடு ஆடிக் கொடுக்கவும் வருகிறேன் என்று தானாகவே சொன்னார். நல்ல பிள்ளை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானாவோடு மறுபடியும் உட்காருகிறேன். அதற்குள் மொறட்டுவைக்கு ஒரு போன் எடுக்க வேண்டும். இலக்கம் போன வருடத்துப் பதிவுத் தாளில், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.